கம்பெனிக்கு அவகாசம் கொடுத்தார்கள், வீட்டுக்கடன் கட்டுகிறவனுக்கு என்ன இருக்கிறது?

நூல்கண்டு (திருப்பூர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், வயது 38. 2018 ஜூலையில் ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியில் 24 லட்சம் கடன் வாங்கி, ஊருக்கு வெளியே இரண்டே முக்கால் சென்ட்டில் வீடு கட்டினோம். 9 சதவீத வட்டி, 20 வருடம், மாதம் 21,593. என் சம்பளமும் மனைவியின் செக்கிங் சம்பளமும் சேர்ந்தால் தாங்கக்கூடிய தொகைதான் அது. 2020-ல் கொரோனா வந்தபோது, அரசாங்கமே சொல்கிறதே என்று மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை ஆறு மாதமும் தவணையைத் தள்ளி வைக்கிற மொரட்டோரியம் எடுத்தேன். 2022 கடைசியில் வட்டி பத்தரைக்கு ஏறிவிட்டது என்று தவணையை 24,200 ஆக்கினார்கள். நேற்று ஸ்டேட்மெண்ட் எடுத்துப் பார்த்தேன். இதுவரை 18 லட்சத்துக்கு மேல் கட்டியிருக்கிறேன், அசல் இன்னும் 21 லட்சத்து 70 ஆயிரம் நிற்கிறது. அந்தப் பேப்பரை மனைவியிடம் காட்ட மனசு வராமல் பைக் சீட்டுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன்.

2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்காவின் 50 சதவீத வரி வந்ததிலிருந்து எங்களுக்கு ஆர்டர் இல்லை. மாதத்தில் 15 நாள்தான் வேலை, 42,000 வாங்கிய கையில் இப்போது 26,000 வருகிறது, மனைவிக்கு அக்டோபரோடு வேலை நின்றுவிட்டது. அக்டோபர் தவணையை நகையை அடகு வைத்துக் கட்டினேன். நவம்பர் 5-ஆம் தேதி தவணை பவுன்ஸ் ஆகிவிட்டது, பேங்க் ஒரு பக்கம் அபராதம் பிடித்தது, ஃபைனான்ஸ் கம்பெனி ஒரு பக்கம் பிடித்தது. ஒரு நாளைக்கு நாலு போன் வருகிறது.

இதற்கிடையில் நவம்பர் 14-ல் ரிசர்வ் வங்கி ஏற்றுமதியாளர்களுக்கு அவகாசம் கொடுத்திருக்கிறது. செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை கட்ட வேண்டிய தவணைகளைத் தள்ளி வைக்கலாம், அந்தக் காலத்துக்கு வட்டிக்கு வட்டியும் கிடையாது. 20,000 கோடிக்கு கடன் உத்தரவாதத் திட்டமும் அறிவித்தார்கள். நல்லதுதான், எங்கள் முதலாளி பிழைத்தால்தான் நாங்களும் பிழைப்போம், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதே வரியால் அதே கம்பெனியில் சம்பளம் குறைந்தவனின் வீட்டுக்கடனுக்கு ஏன் எதுவும் இல்லை? பிரதமர் வீட்டு வசதித் திட்டம், வட்டி மானியம் என்று எவ்வளவோ கேள்விப்படுகிறோமே, அதில் என்னைப் போல ஏற்கெனவே வீடு கட்டிவிட்டுத் தவிக்கிறவனுக்கு ஏதாவது இருக்கிறதா? இல்லை, இந்த மாதிரி நிவாரணங்கள் யாருக்காவது உண்மையில் உதவியிருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆவடி வாசி

எனக்கு பிரதமர் வீட்டு வசதித் திட்டம் உதவியது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2019-ல் ஃப்ளாட் வாங்கினோம். வருட வருமானம் 6 லட்சத்துக்குள் என்பதால், கடனில் முதல் 6 லட்சத்துக்கு ஆறரை சதவீத வட்டி மானியம். அதை மொத்தமாகக் கணக்குப் போட்டு 2,67,000 ரூபாயை அப்படியே அசலில் கழித்தார்கள். பத்திரத்தில் மனைவி பெயர் இருக்க வேண்டும் என்றார்கள், அதனால்தான் அவள் பெயரில் ஒரு சொத்து வந்தது, இல்லையென்றால் எங்கள் குடும்பத்தில் பெண் பெயரில் பத்திரம் போடுகிற வழக்கமே இல்லை. பணம் வர பதினோரு மாதம் ஆனது, ஆனால் வந்தது. தவணை இரண்டாயிரத்துக்கு மேல் குறைந்தது.

ஆனால் நண்பரே, உங்களுக்கு அது ஆகாது. அந்தத் திட்டம் நடுத்தர வருமானக்காரர்களுக்கு 2021 மார்ச்சிலும் மற்றவர்களுக்கு 2022 மார்ச்சிலும் முடிந்துவிட்டது. இப்போது இருப்பது இரண்டாவது திட்டம். 2024 செப்டம்பர் 1-க்குப் பிறகு வாங்கிய கடனுக்குத்தான், வருமானம் 9 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள். அதிகபட்சம் 1,80,000 ரூபாய், அதையும் ஐந்து வருடத் தவணையாகத் தருகிறார்கள். குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கேயும் சிமெண்ட் வீடு இருக்கக் கூடாது. நீங்கள் ஏற்கெனவே கட்டிவிட்டதால் முதல் கேள்வியிலேயே வெளியே. வீடு வாங்குவதற்கு உதவுகிற திட்டம் அது. வாங்கிய வீட்டைக் கையில் வைத்துக்கொள்ள உதவுகிற திட்டம் என்று ஒன்று நம் ஊரில் இப்போது இல்லை.

பழைய லெட்ஜர் (மதுரை)

தம்பி, நான் 31 வருடம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவள், கடைசி ஒன்பது வருடம் வராக்கடன் பிரிவில். மூன்று விஷயம் சொல்ல வேண்டும், ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மொரட்டோரியம். நிறைய பேர் அதைத் தள்ளுபடி மாதிரி நினைத்துவிட்டார்கள். தவணை கட்ட வேண்டாம் என்றார்கள், வட்டி ஓடாது என்று சொல்லவில்லை. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 2020 மார்ச்சில் அசல் சுமார் 23 லட்சத்து 23 ஆயிரம் இருந்திருக்கும். ஆறு மாத வட்டி ஒரு லட்சத்து ஆறாயிரத்துச் சொச்சம் அதன் மேல் ஏறி 24 லட்சத்து 29 ஆயிரம் ஆகியிருக்கும். அதாவது இருபது தவணை கட்டிய பிறகும் நீங்கள் வாங்கிய கடனை விட அதிகம். அதே 9 சதவீதம், அதே தவணை என்று வைத்தால், ஆறு மாதம் கட்டாததற்குக் கடைசியில் கடன் 34 மாதம் தள்ளிப்போகிறது. அப்புறம் வழக்கு நடந்து, வட்டிக்கு வட்டியை அரசே தரும் என்று அந்த நவம்பரில் பணம் போட்டார்களே, உங்கள் கணக்கில் சுமார் 1,980 ரூபாய் வந்திருக்கும். பாஸ்புக்கில் பாருங்கள். 2021 மார்ச் 23-ல் உச்ச நீதிமன்றம் எல்லாக் கடனுக்கும் வட்டிக்கு வட்டி கூடாது என்று தீர்ப்புச் சொன்னது, ஆனால் வட்டியையே தள்ளுபடி செய்ய முடியாது என்றும் சொல்லிவிட்டது. ஏறியது ஒரு லட்சம், திரும்பியது இரண்டாயிரத்துக்குள். அப்போது சம்பளம் வராதவர்களுக்கு வேறு வழி இல்லை, எடுத்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கையில் பணம் இருந்தும் இலவசம் என்று நினைத்து எடுத்தவர்கள் என் கிளையிலேயே நூறு பேராவது இருப்பார்கள், அவர்களுக்கு யாரும் உட்கார வைத்து இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. அது எங்கள் பக்கத்துத் தப்பு, இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

இரண்டாவது, தேதி. நவம்பர் 5-ல் தவணை தவறியிருக்கிறது, அது 90 நாளைத் தாண்டினால், அதாவது பிப்ரவரி 3 வாக்கில், கணக்கு வராக்கடன் ஆகிவிடும். அதற்கு முன்பு நீங்கள் வாடிக்கையாளர். அதற்குப் பிறகு உங்கள் ஃபைல் வேறு மேசைக்குப் போய்விடும், பாக்கி முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழையபடி ஆகும். அடமான வீட்டை எடுத்துக் கடனை வசூலிக்க வழி தருகிற சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். வந்தால் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள், அதற்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம், 15 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். அதன் பிறகும் கையகப்படுத்தினால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், உங்களுக்குக் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது.

நான் ஒரு வீட்டுக்குப் போனதைச் சொல்கிறேன். நோட்டீஸ் ஒட்டப் போனோம். கதவில் மாவிலைத் தோரணம், அன்று காலைதான் கட்டியிருக்கிறார்கள், பெண்ணுக்கு நிச்சயம். அந்த அம்மா கேட்டார், "சார்கிட்ட சொல்லி சாயங்காலம் வரைக்கும் பொறுக்க முடியுமாம்மா?" வீட்டுக்காரர் ஐந்து மாதமாக எங்கள் கடிதங்களைப் பிரிக்காமல் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தார். பிரித்து ஒரு தடவை கிளைக்கு வந்திருந்தால் தவணைக் காலத்தை நீட்டித் தந்திருப்போம், அந்த ஃபைலுக்கு அதற்கு இடம் இருந்தது. நாங்கள் சாயங்காலம்தான் ஒட்டினோம். அதற்கு மேல் என்னால் செய்ய முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், அந்த ஸ்டேட்மெண்ட்டை சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து இன்றைக்கே வீட்டில் காட்டுங்கள்.

மூன்றாவது, செய்ய வேண்டியது. 2025-ல் ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, 6.5-லிருந்து 5.25-க்கு இறங்கியிருக்கிறது. வங்கியில் ரெப்போவோடு இணைந்த கடன் என்றால் தானாகக் குறையும். ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, நீங்கள் கேட்டால்தான், அதுவும் வட்டியை மாற்றுவதற்கான கன்வெர்ஷன் கட்டணம் கட்டினால்தான் குறைப்பார்கள். கேளுங்கள். பத்தரை 9.1 ஆகி, காலமும் 20 வருடமாக நீண்டால் தவணை 19,700-க்குள் வந்துவிடும். மொத்த வட்டி கூடும், தெரிந்தேதான் சொல்கிறேன், இப்போது மூச்சு விட அதுதான் வழி, வேலை திரும்பியதும் கூடுதலாகக் கட்டிக் குறைத்துக்கொள்ளலாம், மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. எல்லாவற்றையும் கடிதமாக எழுதி, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. பதில் வராவிட்டால் தேசிய வீட்டு வசதி வங்கியின் புகார் தளத்தில் போடுங்கள், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரி (ஓம்புட்ஸ்மேன்) திட்டத்தில் ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகள் வராது, நிறைய பேர் அங்கே போட்டுவிட்டு இரண்டு மாதத்தை வீணாக்குகிறார்கள்.

வாடகை வீடு (சென்னை)

கோபித்துக்கொள்ளாதீர்கள், நூல்கண்டு அண்ணா. எனக்கும் சம்பளம் குறைந்தது, எனக்கு எந்த நிவாரணமும் யாரும் கேட்பதுகூட இல்லை. வீடு இருக்கிறவர் நஷ்டப்பட்டாலும் விற்றால் கையில் ஏதாவது நிற்கும். வாடகைக்காரன் மூன்று மாதம் பாக்கி வைத்தால் அட்வான்ஸும் போய் நடுத்தெரு. எல்லோருடைய வரிப்பணத்திலிருந்தும் சொத்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும் உதவி என்பது சரியா என்று உண்மையாகவே தெரியவில்லை. வருமான வரியில் வீட்டுக்கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு என்று வருடக்கணக்கில் கொடுத்தார்களே, அதுவும் வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவர்களுக்குத்தானே போனது.

நூல்கண்டு (திருப்பூர்)

@வாடகை வீடு: கோபம் இல்லை தம்பி, நானும் பதினோரு வருடம் லைன் வீட்டில் இருந்தவன்தான். விற்றால் நிற்கும் என்கிறீர்கள். எங்கள் ஏரியாவில் இப்போது ஒரே தெருவில் மூன்று வீடு விற்பனைக்கு போர்டு மாட்டியிருக்கிறது, எல்லோரும் பனியன் வேலைதான், வாங்க ஆள் யார்? எனக்கு யாரும் சும்மா பணம் தர வேண்டாம். கம்பெனிக்குக் கொடுத்த அதே நாலு மாதம், அதே வட்டிக்கு வட்டி இல்லாத அவகாசம். அவ்வளவுதான் கேட்கிறேன். வாடகைக்காரர்களுக்கும் கொடுத்தால் நான் சந்தோஷப்படுவேன்.

எடிசன் தமிழன் (நியூ ஜெர்சி)

இந்தக் கேள்வியை நான் 2010-ல் இங்கே இருந்துகொண்டு கேட்டவன். 2008 சரிவுக்குப் பிறகு வேலை போனது, பத்து மாதம் கழித்துப் பாதிச் சம்பளத்தில் வேறு வேலை. ஒபாமா அரசு 2009-ல் ஹாம்ப் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. மாதத் தவணை வருமானத்தில் 31 சதவீதத்துக்குள் வருமாறு கடனை மாற்றி அமைக்க வேண்டும், அதற்கு வங்கிகளுக்கு அரசு ஊக்கத்தொகை தரும். காகிதத்தில் அருமையான திட்டம். மூன்று மாதம் சோதனைத் தவணை கட்டினால் நிரந்தரமாக்குவார்கள். எனக்கு அந்த மூன்று மாதம் ஒன்பது மாதம் ஆனது. சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும் ஆறு தடவை ஃபேக்ஸ் அனுப்பினேன், ஒவ்வொரு தடவையும் "வந்து சேரவில்லை", இல்லாவிட்டால் "அறுபது நாள் ஆகிவிட்டது, புதிதாக அனுப்புங்கள்". ஃபேக்ஸ் போன ரசீதுகளை ஒரு ஷூ பெட்டியில் போட்டு வைத்திருந்தேன், அது நிறைந்த மாதம்தான் நிராகரித்துக் கடிதம் வந்தது. சோதனைக் காலத்தில் குறைத்துக் கட்டியதை எல்லாம் பாக்கி என்று சேர்த்து ஒரே தொகையாகக் கேட்டார்கள். கடைசியில் கடனை விடக் குறைந்த விலைக்கு வீட்டை விற்றுவிட்டு வெளியேறினோம். 30 முதல் 40 லட்சம் குடும்பங்களைக் காப்பாற்றும் என்று சொன்ன திட்டம், 2016 கடைசியில் முடியும்போது நிரந்தர மாற்றம் கிடைத்தவை 16 லட்சத்துக்குச் சற்று மேல்தான். அந்தக் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி, என் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் அதனால்தான் இன்றும் அதே வீட்டில் இருக்கிறார், அவரும் நானும் ஒரே மாதம் விண்ணப்பித்தோம்.

ஆனால் 2020 வேறு மாதிரி இருந்தது. டெக்சாஸில் இருக்கும் என் மச்சானுக்கு கொரோனாவில் வேலை போனது. அரசு ஆதரவு உள்ள கடன் என்பதால் ஒரு போன் போதும், பேப்பர் எதுவும் கேட்கவில்லை, 180 நாள் அவகாசம், வேண்டுமானால் இன்னொரு 180 நாள். அவகாசம் முடிந்ததும் கட்டாத தவணைகளை எல்லாம் எடுத்துக் கடனின் கடைசியில் வைத்துவிட்டார்கள், அந்தத் தொகைக்கு வட்டி கிடையாது. பழைய தவணையை மறுபடி கட்ட ஆரம்பித்தான், அவ்வளவுதான். லெட்ஜர் அம்மா போட்ட 34 மாதக் கணக்கைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. தள்ளி வைக்கிற தொகை வட்டி போடுமா போடாதா, விண்ணப்பத்தைப் பார்க்கிறவருக்கு அதை மறுப்பதில் லாபம் இருக்கிறதா இல்லையா, இந்த இரண்டு கேள்வியிலேயே ஒரு திட்டம் உதவுமா உதவாதா என்பது முடிவாகிவிடுகிறது.

டெல்டா மண்

கடன் வீடு பற்றிப் பேசுகிறீர்கள், எங்கள் ஊர்ப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பரில் கஜா புயலில் அம்மாவின் குடிசை போனது. அப்புறம் ஊரக வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்தது. ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து தரும் 1,20,000, அதன் மேல் கான்கிரீட் கூரைக்காகத் தமிழக அரசு தனியாகத் தந்தது. ஆனால் பணம் வேலை முடிந்த பிறகுதான் வரும், அடித்தளம் போட்டால் ஒரு தவணை, கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டம் வந்தால் ஒரு தவணை, கூரை போட்டால் ஒன்று. கொத்தனாருக்கும் செங்கலுக்கும் முதலில் யார் கொடுப்பது? அம்மா வாரவட்டிக்கு 80,000 வாங்கினார். கடைசித் தவணை வர ஏழு மாதம் ஆனது. வீடு வந்துவிட்டது, மழைக்கு ஒழுகாது, அதில் சந்தேகமே இல்லை, அந்த வீட்டில் படுத்து எழுந்த முதல் மழை நாளன்று அம்மா தூங்காமல் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் அந்த வாரவட்டியை அடைக்க நான் சிங்கப்பூர் போக வேண்டியதாயிற்று. தொகையைக் கூட்ட வேண்டாம், முதல் தவணையை வேலை தொடங்கும் முன்பே கையில் கொடுத்திருந்தால் போதும்.

ஆவடி வாசி

நூல்கண்டு, இன்னொன்று. பிஎஃப்-ல் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள், வீட்டுக்கடன் அடைக்க எடுக்க வழி இருக்கிறது. முழுவதையும் தொடாதீர்கள், இரண்டு மூன்று தவணைக்கு மட்டும். கந்துவட்டிக்கு மட்டும் போய்விடாதீர்கள்.

பழைய லெட்ஜர் (மதுரை)

அதையே நானும் சொல்ல நினைத்தேன். இன்னொரு விஷயம் தம்பி, 2024 ஏப்ரலிலிருந்து அபராத வட்டி என்று வட்டி விகிதத்தோடு சேர்த்துப் போடக் கூடாது, அபராதத்தை அசலில் ஏற்றி அதற்கும் வட்டி போடக் கூடாது. ஸ்டேட்மெண்ட்டில் அப்படி ஏதாவது வரி இருந்தால் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

நூல்கண்டு (திருப்பூர்)

எல்லோருக்கும் நன்றி. பாஸ்புக்கைப் பார்த்தேன், 2020 நவம்பரில் 1,980-க்குப் பக்கத்தில் ஒரு வரவு இருக்கிறது. அப்போது அது என்ன பணம் என்றே தெரியாமல் மளிகைக்குக் கொடுத்திருக்கிறேன்.

முந்தாநாள் இரவு மனைவியிடம் பேப்பரைக் காட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பத்து நாளா நீ சாப்பிடாம இருந்தது இதுக்குத்தானா?" என்று கேட்டாள். அவளே உட்கார்ந்து கடிதத்தை எழுதினாள், என் கையெழுத்தை விட அவள் கையெழுத்து நன்றாக இருக்கும். கம்பெனியில் கேட்டு மூன்று மாதச் சம்பளச் சீட்டும், வேலை நாள் குறைத்ததற்கு ஒரு கடிதமும் வாங்கினோம்.

நேற்று கிளைக்கு இருவருமாகப் போனோம். முதலில் நகலில் சீல் போட மாட்டேன் என்றார்கள், மேலாளர் வரட்டும் என்று ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் வந்து படித்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார். வட்டியை 9.1-க்கு மாற்ற முடியும், அதற்குக் கட்டணம் உண்டு என்றார். காலத்தை நீட்டுவது தலைமை அலுவலகம்தான் முடிவு செய்ய வேண்டுமாம், 10 நாள் கேட்டிருக்கிறார்கள். நாலு மாத அவகாசம் பற்றிக் கேட்டேன், "அது கம்பெனிகளுக்கு சார், உங்களுக்கு அப்படி ஒரு உத்தரவு எங்களுக்கு வரவில்லை" என்றார். நல்ல மனிதர்தான், அவர் கையில் ஒன்றும் இல்லை.

ஸ்டேட்மெண்ட்டில் இரண்டு வரியைக் குறித்துக் கொடுத்திருக்கிறோம். நவம்பர் தவணையில் பாதியைக் கட்டி ரசீது வாங்கிவிட்டேன், மீதியை 20-ஆம் தேதிக்குள் கட்டிவிடுவேன். தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.